நாய்க்கடி, சாயத் தண்ணி, பிராய்லர் கோழி... திருப்பூருக்கு 'ஒன் ஹெல்த்' ஆட்கள் ஏன் தேவை? எங்கே படிக்கலாம்?

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் போனால் வரும் மண்ணரையை மொபைல் மேப்பில் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தில் நொய்யல். ஊருக்குள் மூளிக்குளம். சாயப்பட்டறைக் கழிவுநீருக்கான பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்று. அதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த நஞ்சராயன் குளம். இவற்றுக்கு நடுவே பனியன் கம்பெனிகள், லைன் வீடுகள், கறிக்கடைகள், தெருநாய்கள், ஆடு மாடு கட்டியிருக்கும் வீடுகள்.

இப்போது ஒரு தெருநாய் ஒருவரைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஊசி போடுவது சுகாதாரத் துறை. அதே நாய் பக்கத்துத் தோட்டத்து ஆட்டைக் கடித்தால் அது கால்நடை பராமரிப்புத் துறை. நாயைப் பிடித்துக் கருத்தடை செய்ய வேண்டியது மாநகராட்சி. அந்த நாய் தின்று வளரும் கோழிக் கழிவைக் கொட்டியவர் மீது நடவடிக்கை எடுக்க இன்னொரு பிரிவு. கழிவு கொட்டிய இடம் குளக்கரை என்றால் நீர்வளத் துறை, பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறை. தண்ணீரின் நிறம் மாறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

நாய் ஒன்றுதான். அதைப் பற்றிய தகவல் அரை டஜன் ஆபீஸ்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இந்தத் துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலைக்குத்தான் உலக அளவில் 'ஒன் ஹெல்த்' என்று பெயர். தமிழில் 'ஒரே நலம்', 'ஒருங்கிணைந்த நலவாழ்வு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது என்பதுதான் சாரம்.

கேட்க நல்ல விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பனியன் ஊரில் மெர்ச்சண்டைசராகவோ லேப் கெமிஸ்ட்டாகவோ இருக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் கழுகு கதை.

மாட்டுக்கு வலி மாத்திரை, மனிதருக்கு வெறிநாய்க்கடி

1990-களில் இந்தியாவில் பாறு கழுகுகள் திடீரென்று காணாமல் போக ஆரம்பித்தன. சில இனங்களில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. காரணம் பல வருடம் பிடிபடவில்லை. 2004-ல்தான் தெரிந்தது: மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற மலிவான வலி நிவாரணி. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற கழுகுகளுக்கு சிறுநீரகம் செயலிழந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க மத்திய அரசு தடை விதித்தது.

கழுகு போனால் போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம், அது செய்துவந்த துப்புரவு வேலை. செத்த மாடுகள் வெட்டவெளியில் கிடந்தன. அந்தத் தீனியில் நாய்கள் பெருகின, தண்ணீர் கெட்டது. பொருளாதார அறிஞர்கள் ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024-ல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீடு: கழுகுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் கூடுதல் மனித மரணங்கள்.

மாட்டு டாக்டர் நல்ல எண்ணத்தில் போட்ட ஊசி. மாட்டுக்காரருக்கும் நிம்மதி. யார் மீதும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மாடு, கழுகு, நாய், மனிதர் என்று நான்கு பேரையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க அப்போது யாரும் இல்லை.

திருப்பூர் ஏற்கெனவே ஒரு முறை பார்த்த படம்

இந்த ஊருக்கு இது புதுக் கதையும் இல்லை. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். சாயம் நூலில் பிடிக்க உப்பு உதவும். ஆனால் உப்பு துணியோடு போகாது. போட்டது மொத்தமும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைப் பற்றித்தான் ஊரில் எல்லோரும் பேசினார்கள். கண்ணுக்குத் தெரியாத உப்புதான் நிலத்தையும் கிணற்றையும் அதிகம் கெடுத்தது.

குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட் பரபரப்பில் ஊர் வளர்ந்த வருடங்களில் நொய்யல் கரைக் கிணறுகள் பல இந்த வரம்பையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டன. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சிய அணை அநேகமாக அது ஒன்றுதான்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை என்று 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. அந்த வருடம் வேலை இழந்து ஊருக்குத் திரும்பியவர்களின் கதை திருப்பூரில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது.

இன்று மண்ணரை உள்ளிட்ட இடங்களில் இயங்கும் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்கு மாறிவிட்டன. நுண்ணுயிர்களை வைத்து முதல் கட்டம், பிறகு ஆர்.ஓ., கடைசியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்கி உப்பையும் நீரையும் பிரிப்பது. தொழில்நுட்பத்தில் திருப்பூர் நாட்டுக்கே முன்மாதிரி என்று சொன்னால் தப்பில்லை. சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடையும் கலப்பு உப்பையும் என்ன செய்வது என்பது தனித் தலைவலி.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. இத்தனை வருட வழக்கிலும் இழப்பீட்டிலும் பேச்சு முக்கியமாக நிலத்தையும் விளைச்சலையும் சுற்றியே நின்றது. உப்புத் தண்ணீர் குடித்த மாட்டுக்குக் கழிச்சல் வரும், தீவனம் குறையும், பால் குறையும். அந்தத் தண்ணீரையே குடித்துச் சமைத்தவர்களின் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கிணற்று நீரின் அளவு ஒரு ஃபைலில், மாட்டின் பால் கணக்கு சொசைட்டி நோட்டில், மனிதரின் பி.பி. ஆரம்ப சுகாதார நிலைய ரிஜிஸ்டரில். மூன்றையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்ப்பதை யாரும் தன் வேலையாக வைத்திருக்கவில்லை.

ஆட்டுப்பட்டிக்குள் வரும் நாய்

இப்போது நடந்துகொண்டிருப்பதைப் பார்ப்போம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த மண்ணில் ஆடு மாட்டை வளர்க்க கொங்கு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் அமைப்பு இது. காங்கயம் காளை வளர்ந்ததும் இதில்தான். ஆடுகளை ராத்திரி காட்டிலேயே பட்டியில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பல வருடமாக அது பாதுகாப்பாகத்தான் இருந்தது.

2024, 2025-ல் நிலைமை மாறியது. நாய்க் கூட்டங்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறின. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் போராடினார்கள். இழப்பீடு கேட்டார்கள், அரசும் அறிவித்தது. தெருநாய் விவகாரம் 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டது. நாய்ப் பிரியர்கள் ஒரு பக்கம், கடிபட்டவர்கள் ஒரு பக்கம்.

அந்தச் சத்தத்தில் சில எளிய கேள்விகள் காணாமல் போயின. நாய்கள் எதைத் தின்று பெருகுகின்றன? ரோட்டோரத்திலும் பள்ளங்களிலும் கொட்டப்படும் இறைச்சிக் கழிவு எங்கிருந்து வருகிறது? குப்பையை எங்கே கொட்டுவது என்பதே திருப்பூரில் பெரிய பிரச்சினை. பழைய பாறைக்குழிகளில் கொட்டுவதை எதிர்த்து முதலிபாளையம், இடுவாய் பக்கமெல்லாம் மக்கள் போராடியிருக்கிறார்கள். குப்பைப் போராட்டமும் ஆட்டுப் போராட்டமும் செய்தியில் தனித்தனிப் பக்கத்தில் வந்தன. இரண்டுக்கும் இடையில் ஓடுவது அதே நாய்தான்.

இன்னொரு கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. ஆட்டைக் கடித்த நாய்க்கு ரேபிஸ் இருந்ததா? ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. உலக ரேபிஸ் மரணங்களில் 36 சதவீதம் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலம்தான். ஆனால் ஆடு மாட்டுக்கும் வரும். மாட்டுக்கு எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நின்றால், "தொண்டையில ஏதோ அடைச்சுக்கிச்சு" என்று கையை வாய்க்குள் விட்டுப் பார்ப்பது கிராமத்தில் சகஜம். கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் அதுவே போதும்.

டாக்டர்களும் கால்நடை மருத்துவர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தால் என்ன நடக்கும்? கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததுமே தகவல் கால்நடை மருத்துவருக்குப் போகும். அவர் அந்த நாயைத் தேடிப் பிடித்து 10 நாள் கவனிப்பார். நாய் நன்றாக இருந்தால் கடித்தபோது அதற்கு ரேபிஸ் பரப்பும் நிலை இல்லை என்று தெரிந்துவிடும். செத்துப்போனால் மூளை மாதிரி லேப் போகும். அந்த நாய் வேறு யாரை, எந்த ஆட்டைக் கடித்தது என்று தேடுவார்கள். இதற்கு ஒருங்கிணைந்த கடி மேலாண்மை என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறை இது. ராக்கெட் சயின்ஸ் எதுவும் இதில் கிடையாது, ஒரு போன் கால்தான் ஆரம்பம்.

கோவா இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே அரசும் 'மிஷன் ரேபிஸ்' அமைப்பும் சேர்ந்து நாய்களுக்குப் பெரிய அளவில் தடுப்பூசி போட்டன. பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம், சந்தேக நாயைச் சொல்ல ஹாட்லைன், ஊசி போட்ட ஒவ்வொரு நாயையும் பதிவு செய்ய ஒரு மொபைல் ஆப். 2022-ல் வெளியான ஆய்வின்படி நாய்களில் மாதாந்திர ரேபிஸ் பாதிப்பு 92 சதவீதம் குறைந்தது. அந்த டீமில் டாக்டர்கள் மட்டும் இல்லை. ஆப் எழுதியவர், மேப் போட்டவர், நாயை வலையில் பிடிக்கத் தெரிந்தவர், பள்ளிக்கூடத்தில் பேசத் தெரிந்தவர் எல்லோரும் இருந்தார்கள்.

நம் பக்கத்திலும் பழைய வரலாறு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது ரேபிஸுக்காகத்தான். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று தாத்தா பாட்டிகள் பயமுறுத்துவார்களே, அந்தப் பழைய தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. 2004-ன் கடைசியில் அது நாட்டிலேயே நிறுத்தப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் கையில் போடும் ஊசி, 0, 3, 7, 28-ம் நாட்களில். காயம் ஆழமாக இருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின். இன்றும் ஊசிக்குப் பயந்து வராமல் இருப்பவர்களில் பாதிப் பேரை அந்தப் பழைய 14 ஊசிக் கதைதான் தடுக்கிறதோ என்று தோன்றுகிறது.

பல்லடம் கோழியும் ஐ.சி.யூ. வார்டும்

பல்லடம் என்றால் கறிக்கோழி. கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கொடுக்கும். விவசாயி ஷெட் போட்டு வளர்த்துக் கொடுத்து வளர்ப்புக் கூலி வாங்குவார். எந்த மருந்து எப்போது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கம்பெனி.

கொலிஸ்டின் என்று ஓர் ஆன்டிபயாடிக். வேறு எதுவும் வேலை செய்யாத நோயாளிக்கு ஐ.சி.யூ.வில் கடைசி ஆயுதமாகப் போடுவது. அதே மருந்தைக் கோழி சீக்கிரம் எடை போட தீவனத்திலும் கலந்துகொண்டிருந்தார்கள். கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டால் அது ஷெட்டோடு நிற்காது. கோழி எரு வயலுக்குப் போகும், அங்கிருந்து தண்ணீருக்கு. 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டின் பயன்பாட்டுக்கு மத்திய அரசு தடை போட்டது. ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு பற்றி நாட்டில் அழுத்தமாகப் பேச்சு எழ ஒரு காரணம், மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட 'சென்னை பிரகடனம்' என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கண்காணிக்க இந்தியாவில் மனிதர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். நடத்தும் வலையமைப்பு ஒன்று, கால்நடை மற்றும் மீன்களுக்கு இன்ஃபார் என்று இன்னொன்று. இரண்டு டேட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போதுதான் உருவாகிறார்கள்.

இதே பெல்ட்டில்தான் நஞ்சராயன் குளமும் இருக்கிறது. சுமார் 126 ஹெக்டேர், 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் செத்த காட்டுப் பறவைகளில் அதிகம் இந்த இனம்தான். அதற்காக வாத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. குளத்தில் திடீரென்று பறவைகள் செத்து மிதந்தால் முதலில் பார்ப்பவர் யாரிடம் சொல்ல வேண்டும், தொடாமல் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும். வலசைப் பறவையும் லட்சக்கணக்கான பிராய்லர் கோழிகளும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது அந்த ஒரு போன் காலுக்கு விலை அதிகம்.

சரி, யார் என்ன படிக்கலாம்?

முதலில் ஒரு உண்மை. 'ஒன் ஹெல்த் அதிகாரி' என்று போர்டு மாட்டிய நிரந்தர அரசு வேலை தேடினால் ஏமாற்றம்தான். 2022-ல் தேசிய ஒன் ஹெல்த் மிஷனுக்குப் பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழு ஒப்புதல் கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் நாக்பூரில் தேசிய ஒன் ஹெல்த் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் மாவட்ட அளவில் இன்று கிடைப்பது பெரும்பாலும் புராஜெக்ட் வேலை, ஒப்பந்த வேலை. நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மாவட்ட தொற்றுநோயியல் நிபுணர், டேட்டா மேனேஜர் போன்ற பணிகள் உண்டு. அதனால் ஏற்கெனவே கையில் இருக்கும் தொழிலோடு இதைச் சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நேர் வழி கால்நடை மருத்துவம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ல் தொடங்கியது. நாட்டிலேயே முதல் கால்நடைப் பல்கலைக்கழகம். அதன் கல்லூரி ஒன்று நம் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டையில் இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான், நீட் தேவையில்லை என்பது பலரும் கவனிக்காத விஷயம். முதுகலையில் கால்நடைப் பொது சுகாதாரம் என்று தனிப் பிரிவே உண்டு. விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களும் இறைச்சி, பால் பாதுகாப்பும் அதில்தான் வரும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரே மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரியும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ராம்சார் குளமும் இருக்கும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் அமையாது. இரண்டு கல்லூரி மாணவர்களும் சேர்ந்து ஒரு கிராமத்தில் ஒரே நாளில் மாட்டையும் மனிதரையும் பரிசோதிக்கும் முகாம் போட்டால், அதற்குப் புதுக் கட்டடமோ பெரிய பட்ஜெட்டோ வேண்டியதில்லை.

விலங்கியல், தாவரவியல் மாதிரி உயிரியல் பட்டம் வைத்திருந்தால் புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆர். நடத்தும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைப் பாருங்கள். பொது சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. பெயர் கேட்டால் சிரிப்பு வரலாம். டெங்கு சீசனில் லைன் வீட்டுத் தொட்டிகளில் எந்தக் கொசு முட்டையிடுகிறது என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு எல்லா மாநகராட்சியிலும் தேவை உண்டு. நோய் எங்கிருந்து ஆரம்பித்தது என்று துப்பறியும் வேலை பிடிக்கும் என்றால் சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். அதில் பொது சுகாதார முதுகலையும் களப் பயிற்சியும் உண்டு. வேலையை விட முடியாதவர்கள், அதே நிறுவனம் என்.பி.டி.இ.எல். வழியாக நடத்தும் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம். தகுதியும் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் அவரவர் அதிகாரப்பூர்வ தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பறவை, காடு, குளம் பக்கம் ஆர்வம் என்றால் கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நஞ்சராயன் குளத்துப் பறவைகளைப் பல வருடமாகப் பதிவு செய்துவரும் திருப்பூர் இயற்கை கழகம் இருக்கிறது. நீர்ப்பறவைக் கணக்கெடுப்புகளில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். பைனாகுலர் பிடிக்கப் பழகுவதும் பயிற்சிதான். எந்த மாதத்தில் எத்தனை பறவை என்ற சாதாரண எண்ணிக்கை இருந்தால்தான், ஒரு நாள் குறைந்தால் அது அசாதாரணம் என்று தெரியும்.

பனியன் கம்பெனி ஆட்களுக்கு இதில் என்ன?

திருப்பூரில் 'கம்ப்ளையன்ஸ்' டிபார்ட்மென்ட் இல்லாத எக்ஸ்போர்ட் கம்பெனி அபூர்வம். ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள் ஆடிட் வருகின்றன. எந்தக் கெமிக்கல் பயன்படுத்தக்கூடாது என்று பட்டியல் தருகிறார்கள். 2011-ல் பிராண்டுகள் சேர்ந்து ஆரம்பித்த இசட்.டி.எச்.சி. திட்டத்தின் கீழ் கழிவுநீர் மாதிரி எடுத்து டெஸ்ட் செய்து ரிப்போர்ட்டை ஆன்லைனில் ஏற்றுகிறார்கள்.

யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. திருப்பூர் கழிவுநீரில் என்ன இருக்கிறது என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிராண்ட் ஆபீஸ் பார்க்க வழி இருக்கிறது. அந்த ரிப்போர்ட் ஊத்துக்குளி கால்நடை மருத்துவரையோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையோ மனதில் வைத்து எழுதப்படுவது இல்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இந்த ஊரில்தான் அதிகம். டி.டி.எஸ்., சி.ஓ.டி. என்றால் என்ன, எந்த அளவு அபாயம், எது மீட்டர் தப்பு என்று அவர்களுக்கு அத்துப்படி. நோய்ப்பரவியலில் ஆறு மாதம் அடிப்படை படித்தால், கழிவுநீர் டேட்டாவையும் நோய் டேட்டாவையும் இணைக்க இவர்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். சுத்திகரிப்பு நிலைய லேப் கெமிஸ்ட்களுக்கும் இது பொருந்தும்.

கம்பெனிகளுக்கும் லாபம் இருக்கிறது. தொழிலாளருக்கு டெங்கு வந்தால் லைன் நிற்கிறது, ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது. லைன் வீட்டுத் தண்ணீரும் குப்பையும் கம்பெனி கேட்டுக்கு வெளியே உள்ள விஷயம் என்று ஹெச்.ஆர். சொல்லலாம். கொசுவுக்கு கேட் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

காசில்லாமல் இந்த வாரமே ஆரம்பிக்க

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் ஒன் ஹெல்த், ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பற்றி இலவச ஆன்லைன் பாடங்கள் வைத்திருக்கின்றன. ஆங்கிலம் கொஞ்சம் இருந்தால் போதும். உலகளாவிய ரேபிஸ் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பின் 'ரேபிஸ் எஜுகேட்டர்' சான்றிதழ் படிப்பும் இலவசம். ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், விலங்கு நல அமைப்பில் இருப்பவர்கள் என யாரும் சேரலாம். முடித்த பிறகு ஏதாவது ஒரு பள்ளியிலோ கம்பெனி கேன்டீனிலோ போய்ப் பேச வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அப்படிப் பேசப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடலாம். நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். கட்டு இறுக்கிப் போடவும் வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனை. 28-ம் நாள் ஊசி வரை விடக்கூடாது. கடித்த நாயை அடிக்காமல், எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்து கால்நடை மருந்தகத்திலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.